தொழில் தொடங்கும் விவசாயிகளே... எந்த அமைப்பில் பதிவு செய்யப் போகிறீர்கள்?

பழங்காநத்தம் உழவர் சந்தைக்கு அதிகாலையில் கத்தரியும் கீரையும் கொண்டுவரும் விவசாயி எந்த நிறுவனத்தையும் பதிவு செய்ய வேண்டியதில்லை. தன் நிலத்தில் விளைந்ததைத் தானே விற்கிறார் என்பதற்கான உழவர் அடையாள அட்டை இருந்தால் போதும். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தமிழகத்தின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்ட நாளிலிருந்து இதுதான் நடைமுறை.

அதே விவசாயி முருங்கை இலையைப் பொடியாக்கிப் பாக்கெட்டில் விற்கத் தொடங்கினாலோ, பக்கத்துத் தோட்டத்துத் தேங்காயையும் வாங்கி மரச்செக்கில் ஆட்டி எண்ணெயாக விற்றாலோ, நான்கைந்து பேர் பணம் போட்டுக் குதிரைவாலி அரைக்கும் இயந்திரம் வாங்கினாலோ அது வேறு கதை. அங்கே விவசாயத்தோடு வணிகமும் சேர்ந்துவிடுகிறது. வணிகம் என்று வந்துவிட்டால் அதற்குச் சட்டப்படி ஓர் அமைப்பு வேண்டும்.

பயிற்சிக்கு வரும் விவசாயிகள் பெரும்பாலும் கேட்பது, "எந்தப் பேரில் பதிவு பண்ணலாம், எவ்வளவு செலவாகும்?" என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. நஷ்டம் வந்தால் கடனை யார் கட்டுவது? ஆண்டுதோறும் கணக்கை யார் ஒப்படைப்பது? இவற்றுக்குப் பதில் தெரிந்துவிட்டால் எந்த அமைப்பு பொருந்தும் என்பது ஓரளவு தானாகவே தெரிந்துவிடும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியவை

உத்யம் பதிவு, உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அல்லது உரிமம், ஜி.எஸ்.டி. எண் ஆகிய மூன்றும் தொழிலுக்கான பதிவுகள். இவற்றை வாங்கிவிட்டதாலேயே ஒரு நிறுவனம் உருவாகிவிடாது. நிறுவனம் எந்த அமைப்பில் இருக்கிறதோ, அதன் பெயரிலும் பான் எண்ணிலும்தான் இவற்றை வாங்க வேண்டும். அதனால் அமைப்பை முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு அமைப்பை மாற்றினால் இவை அனைத்தையும் புதிதாக வாங்க வேண்டியிருக்கும்.

உத்யம் பதிவுக்கு அரசு இணையதளத்தில் கட்டணம் எதுவும் கிடையாது. ஆதார் எண்ணும் பான் எண்ணும் இருந்தால் நீங்களே செய்துகொள்ளலாம். இதற்குப் பணம் கேட்கும் தனியார் இணையதளங்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பிறரிடம் வாங்கி விற்ற லாபம் விவசாய வருமானத்தில் சேராது. விளைபொருளைப் பதப்படுத்தி, அரைத்து, பாக்கெட் போட்டு விற்கும்போதும் அந்தக் கூடுதல் லாபம் வணிக வருமானமாகவே கொள்ளப்படும். எனவே சொந்த விளைச்சல் கணக்கையும் வியாபாரக் கணக்கையும் முதல் நாளிலிருந்தே தனித்தனி நோட்டில் எழுதுங்கள். பொருள் விற்பனையில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படும். வெளிமாநில விற்பனை, இணையதள விற்பனை ஆகியவற்றுக்குத் தனி விதிகள் இருப்பதால் அவற்றைத் தொடங்கும் முன் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. தனிநபர் தொழில்

ஒருவர் பணம் போட்டு, அவரே நடத்தி, லாப நஷ்டத்தை அவரே ஏற்பது தனிநபர் தொழில். இதற்கென்று தனியாகப் பதிவுச் சட்டம் எதுவும் இல்லை. உரிமையாளரின் பான் எண்ணே தொழிலுக்கும் பான் எண். உத்யம் சான்று, கடையின் பெயரில் நடப்புக் கணக்கு, தேவையான உரிமங்கள் இருந்தால் தொழிலைத் தொடங்கிவிடலாம். லாபம் உரிமையாளரின் சொந்த வருமானத்தோடு சேர்ந்து, தனிநபருக்கான வரி விகிதத்தில் கணக்கிடப்படும்.

குறை என்னவென்றால், தொழில் வேறு, உரிமையாளர் வேறு என்று சட்டம் பார்ப்பதில்லை. தொழில் கடன் அவருடைய சொந்தக் கடன்தான். வீடும் நிலமும் அவர் பெயரில் இருந்தால் அவையும் அந்தக் கடனுக்குப் பொறுப்பாகும். ஒரு செக்கு, ஒரு பொடி அரைக்கும் இயந்திரம் என்று சிறிய முதலீட்டில் தொடங்கி, சந்தையைப் பார்த்த பிறகு விரிவுபடுத்த நினைப்பவர்களுக்கு இது போதுமானது.

2. பார்ட்னர்ஷிப் என்கிற கூட்டு நிறுவனம்

இது 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் கீழ் வருகிறது. குறைந்தது இரண்டு பேரும் அதிகபட்சம் 50 பேரும் சேரலாம். கிராமங்களில் அதிகம் நடப்பதும், அதிகம் சிக்கலாவதும் இந்த அமைப்பில்தான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். திருமங்கலம் பக்கம் நான்கு நண்பர்கள் சமபங்கில் எண்ணெய்ச் செக்கு தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழில் நொடித்து, 12 லட்சம் ரூபாய் கடன் நிற்கிறது. ஆளுக்கு 3 லட்சம் என்பது அவர்களுக்குள் உள்ள கணக்கு. கடன் கொடுத்தவருக்கு அந்தக் கணக்கு தேவையில்லை. நால்வரில் வசதியாக இருக்கும் ஒருவரிடமே முழு 12 லட்சத்தையும் அவர் கேட்கலாம். கட்டியவர் மற்ற மூவரிடம் பிறகு வசூலித்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு பங்குதாரர் தொழிலுக்காகச் செய்த வழக்கமான கொள்முதலுக்கும் மற்ற மூவரும் பொறுப்பு. நிறுவனத்தின் சொத்து போதாவிட்டால் பங்குதாரர்களின் சொந்தச் சொத்து வரைக்கும் போகும்.

எனவே கூட்டு சேருவதற்கு முன் வாய்ப்பேச்சோடு நிறுத்திவிடாமல், முத்திரைத்தாளில் ஒப்பந்தப் பத்திரம் எழுதுங்கள். அதில் கீழ்க்கண்டவை கட்டாயம் இருக்க வேண்டும்.

* ஒவ்வொருவரும் போட்ட முதலீடு, லாப நஷ்டப் பங்கு
* உழைப்பவருக்குச் சம்பளம் உண்டா, முதலுக்கு வட்டி உண்டா
* எவ்வளவு தொகைக்கு மேல் கடன் வாங்க எல்லோருடைய சம்மதமும் வேண்டும்
* ஒருவர் விலக நினைத்தால் எத்தனை மாதம் முன் சொல்ல வேண்டும், அவர் பங்கை எப்படி மதிப்பிடுவது
* ஒருவர் இறந்தால் தொழில் தொடருமா, வாரிசுக்கு என்ன கொடுப்பது

கடைசிக் குறிப்பை யாரும் எழுத விரும்புவதில்லை. ஆனால் பத்திரத்தில் வேறு விதமாக எழுதப்படாவிட்டால், ஒரு பங்குதாரர் இறந்ததும் கூட்டு கலைந்துவிடும் என்பதே சட்டம். கடன் வரம்பைப் பத்திரத்தில் எழுதினால் மட்டும் போதாது. அந்தக் கட்டுப்பாடு தெரியாத வெளியாளை அது கட்டுப்படுத்தாது. வங்கிக் கணக்கையும் இருவர் கையெழுத்தில் இயங்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திரம் எழுதிய பிறகு பதிவுத் துறையில் மாவட்டப் பதிவாளரிடம் நிறுவனத்தைப் பதிவு செய்ய வேண்டும். பதிவு கட்டாயமில்லை என்று சிலர் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் பதிவு செய்யாத நிறுவனம், சரக்கு வாங்கிவிட்டுப் பணம் தராத வியாபாரி மீது ஒப்பந்தத்தின் அடிப்படையில் வழக்குப் போட முடியாது. பங்குதாரர்கள் தங்களுக்குள் வழக்காடுவதற்கும் இதே தடை உண்டு. இதைச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு சொல்கிறது. வெளியூர் வியாபாரிக்குக் கடனுக்குச் சரக்கு அனுப்புபவர்கள் இதை மறக்கக் கூடாது.

கூட்டு நிறுவனத்தின் லாபத்துக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீத வருமான வரியும், அதன் மேல் கூடுதல் வரியும் உண்டு. பத்திரத்தில் குறிப்பிட்டிருந்தால் பங்குதாரர் சம்பளத்தையும் முதலுக்கான வட்டியையும் வரம்புக்குள் கழித்துக்கொள்ளலாம்.

3. எல்.எல்.பி. என்கிற வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டு

2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த அமைப்பு இது. குறைந்தது இரண்டு பேர் வேண்டும். நடத்தும் முறை பார்ட்னர்ஷிப் போலத்தான். ஆனால் நிறுவனம் தனி, பங்குதாரர்கள் தனி. பங்குதாரர் தான் போட்ட அல்லது போட ஒப்புக்கொண்ட தொகை வரை மட்டுமே பொறுப்பு. ஒருவர் செய்த தவறுக்கு மற்றவரின் வீடு போகாது. மோசடி செய்தவருக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

பதிவான 30 நாட்களுக்குள் ஒப்பந்தத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் மே 30-க்குள் ஆண்டு அறிக்கையும், அக்டோபர் 30-க்குள் கணக்கு அறிக்கையும் கொடுக்க வேண்டும். வியாபாரமே நடக்காத ஆண்டிலும் இது கட்டாயம். விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை இந்தச் சட்டத்தின்படி தணிக்கை கட்டாயமில்லை. வரி விகிதம் பார்ட்னர்ஷிப்புக்கு உள்ளதுதான்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்.எல்.பி.யோ கம்பெனியோ, வங்கிக் கடன் வாங்கும்போது வங்கி உங்களிடம் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்துக் கேட்கலாம். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால், அந்தக் கடனுக்கு உங்கள் சொந்தச் சொத்தும் பொறுப்பாகிவிடும். எனவே எந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறோம் என்று படித்துப் பார்த்துப் போடுங்கள்.

4. பிரைவேட் லிமிடெட் கம்பெனி

இரண்டு பேர் முதல் 200 பேர் வரை உறுப்பினராகலாம். இங்கேயும் பொறுப்பு வரையறுக்கப்பட்டதுதான். வெளியாரிடம் முதலீடு வாங்க வசதியானது. ஆனால் ஓட்டு பங்கின் அளவைப் பொறுத்தது. பணம் அதிகம் போட்டவர் சொல்வதே நடக்கும். ஊர் விவசாயிகள் சமமாகச் சேர்ந்து நடத்த நினைத்தால் இது பொருந்தாது.

5. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம்

கூட்டுறவின் ஓட்டுரிமையையும் கம்பெனியின் சுதந்திரத்தையும் சேர்த்து உருவாக்கியது இது. பொருளியல் அறிஞர் ஒய்.கே. அலக் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, 2002-இல் கம்பெனிச் சட்டத்தில் இதற்கென்று தனிப் பகுதி சேர்க்கப்பட்டது. இப்போது 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தில் தனி அத்தியாயமாக உள்ளது.

* குறைந்தது 10 உற்பத்தியாளர்கள் சேர்ந்து தொடங்கலாம். உறுப்பினர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இல்லை.
* விவசாயம், கால்நடை, மீன் வளர்ப்பு போன்ற முதன்மை உற்பத்தியில் இருப்பவர்தான் உறுப்பினராக முடியும்.
* எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே ஓட்டு.
* பங்கை வெளியாருக்கு விற்க முடியாது. அதனால் பணக்காரர் ஒருவர் பங்குகளை வாங்கிக் குவித்து நிறுவனத்தைக் கைப்பற்ற முடியாது.
* இயக்குநர்கள் குறைந்தது 5 பேர், அதிகபட்சம் 15 பேர். முழுநேர முதன்மைச் செயல் அலுவலர் ஒருவர் கட்டாயம்.
* லாபத்தில் ஒரு பகுதியை, யார் எவ்வளவு சரக்கு கொடுத்தார்கள் என்ற அளவில் உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம்.

தமிழகத்தில் 2017-18 முதல் கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 20 பேர் கொண்ட உழவர் ஆர்வலர் குழுக்கள், அவை ஐந்து சேர்ந்து 100 பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் என அமைக்கப்பட்டு, குழுவுக்கு 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி வழங்கப்பட்டது. அந்தக் குழுக்களை இணைத்தும் நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. உங்கள் ஊரில் ஏற்கெனவே குழு இருந்தால், புதிதாகத் தொடங்குவதை விட அதில் சேருவதே நல்லது.

மத்திய அரசின் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டம் 2020-இல் தொடங்கியது. சமவெளிப் பகுதியில் குறைந்தது 300 உறுப்பினர்கள், நிர்வாகச் செலவுக்கு மூன்று ஆண்டுகளில் 18 லட்சம் ரூபாய் வரை, உறுப்பினருக்கு 2,000 ரூபாய் வரை இணைப் பங்கு மானியம், அதற்கு உச்சவரம்பு நிறுவனத்துக்கு 15 லட்சம் என்பவை அதன் விதிகள். 2025 பிப்ரவரியில் 10,000-ஆவது அமைப்பும் தொடங்கப்பட்டுவிட்டது. எனவே மானியம் வரும் என்று யாராவது சொன்னதை மட்டும் நம்பி நிறுவனம் பதிவு செய்யாதீர்கள்.

மானியம் கிடைத்தாலும் அது மூன்று ஆண்டுகளுக்குத்தான். அதன் பிறகு? ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். செயல் அலுவலர் சம்பளம் மாதம் 15,000 என்றால் ஆண்டுக்கு 1,80,000. வாடகையும் மின்கட்டணமும் மாதம் 4,000 என்றால் 48,000. கணக்கு, தணிக்கை, தாக்கல் செலவு 72,000. ஆக மொத்தம் 3 லட்சம். நூறு ரூபாய் வியாபாரத்தில் 3 ரூபாய் மிஞ்சினால், இந்தச் செலவை ஈடுகட்டவே ஆண்டுக்கு 1 கோடி ரூபாய்க்கு வியாபாரம் நடக்க வேண்டும். உரம், விதை, கொள்முதல் எல்லாம் சேர்ந்து இந்த அளவு வியாபாரம் உங்கள் பகுதியில் கிடைக்குமா என்று பார்த்துவிட்டுப் பதிவுக்குப் போங்கள்.

6. கூட்டுறவுச் சங்கம்

இந்தியாவில் 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடங்கியது கூட்டுறவு. இன்று தமிழகத்தில் 1983-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. இங்கும் ஒருவருக்கு ஒரு ஓட்டுதான். தேர்தல், தணிக்கை, நிர்வாகம் எல்லாவற்றிலும் அரசின் மேற்பார்வை இருக்கும். பால், பயிர்க்கடன் போன்றவற்றுக்கு ஏற்கெனவே ஊர்தோறும் சங்கங்கள் இருப்பதால் அவற்றில் உறுப்பினராவதே எளிது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் ஏழு பேர் சேர்ந்து விவசாயிகள் நலச் சங்கம் பதிவு செய்யலாம். பெயரில் சங்கம் என்று இருந்தாலும் அது கூட்டுறவுச் சங்கம் இல்லை. பொதுநலப் பணிக்கான அந்த அமைப்பு, வியாபாரம் செய்து லாபத்தை உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதற்கு உரியது அல்ல. கோரிக்கை வைக்க நலச் சங்கம், வியாபாரம் செய்ய வேறு அமைப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்யும் முறை

எல்.எல்.பி., கம்பெனி, உற்பத்தியாளர் நிறுவனம் ஆகியவற்றை மத்தியக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளம் வழியாகவே பதிவு செய்யலாம். ஆடிட்டர் அல்லது கம்பெனி செயலர் உதவியுடன் செய்வது நல்லது. கையில் இருக்க வேண்டியவை:

* தொடங்குவோர் அனைவரின் பான், ஆதார், புகைப்படம், வங்கிக் கணக்கு விவரம்
* அலுவலக முகவரிக்கு இரண்டு மாதத்துக்குள்ளான மின்கட்டண ரசீது
* இடம் வேறொருவர் பெயரில் இருந்தால் அவருடைய சம்மதக் கடிதம் அல்லது வாடகை ஒப்பந்தம்
* கையெழுத்திடுவோருக்கு மின்னணுக் கையொப்பம்
* உற்பத்தியாளர் நிறுவனமாக இருந்தால், உறுப்பினர்கள் உற்பத்தியாளர்கள் என்பதற்கான சான்று

ஆதாரிலும் பானிலும் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி ஒன்றுபோல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுத்து வித்தியாசம் இருந்தால் விண்ணப்பம் திரும்பிவிடும், நாட்கள் வீணாகும்.

மின்னணுக் கையொப்பத்தை வாங்கி ஆடிட்டர் அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அது உங்கள் கையெழுத்துக்குச் சமம். அதை வைத்து என்ன தாக்கல் ஆனாலும் பொறுப்பு உங்களுடையது.

பதிவுக்குப் பின் மறக்கக் கூடாத நாட்கள்

கம்பெனியும் உற்பத்தியாளர் நிறுவனமும் பதிவான 30 நாட்களுக்குள் தணிக்கையாளரை நியமிக்க வேண்டும். 180 நாட்களுக்குள் பங்குத் தொகை வங்கிக்கு வந்துவிட்டதைக் காட்டித் தொழில் தொடங்கியதற்கான அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். உற்பத்தியாளர் நிறுவனம் முதல் ஆண்டுப் பொதுக்குழுவை 90 நாட்களுக்குள் கூட்ட வேண்டும். அதன்பின் ஆண்டுதோறும் பொதுக்குழு முடிந்து 30 நாட்களுக்குள் கணக்கு அறிக்கையும், 60 நாட்களுக்குள் ஆண்டு அறிக்கையும் தாக்கலாக வேண்டும்.

தவறினால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். இரண்டு படிவத்துக்கு நாளுக்கு 200 ரூபாய். ஓர் ஆண்டு அப்படியே விட்டால் 73,000 ரூபாய். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தாக்கல் செய்யாவிட்டால், இயக்குநர்கள் ஐந்து ஆண்டுகளுக்கு வேறு எந்தக் கம்பெனியிலும் இயக்குநராக முடியாது. கம்பெனியின் பெயரே பதிவேட்டிலிருந்து நீக்கப்படலாம். ஊரில் பெயருக்கு இயக்குநராகக் கையெழுத்துப் போட்டவர்களும் இதில் சிக்குவார்கள். கூட்டத்துக்குப் போக முடியாது, கணக்குப் பார்க்க முடியாது என்றால் இயக்குநர் பொறுப்பை ஏற்காதீர்கள்.

யாருக்கு எது ஏற்றது?

* சிறு முதலீடு, ஒரே குடும்பம், பெரிய கடன் இல்லை: தனிநபர் தொழில்.
* இரண்டு மூன்று பேர், நல்ல நம்பிக்கை, குறைந்த கடன்: எழுதிப் பதிவு செய்த பார்ட்னர்ஷிப்.
* சிலர் சேர்ந்து பெரிய முதலீடு, கடனுக்குச் சரக்கு கொடுக்கல் வாங்கல்: எல்.எல்.பி.
* வெளியாரின் முதலீடு தேவைப்படும் தொழில்: பிரைவேட் லிமிடெட்.
* பல ஊர் விவசாயிகள் சேர்ந்து இடுபொருள் வாங்க, விளைபொருள் விற்க: உழவர் உற்பத்தியாளர் நிறுவனம்.
* பால், பயிர்க்கடன்: ஏற்கெனவே உள்ள கூட்டுறவுச் சங்கம்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவாகவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம். ஒரு பருவத்துக்குத் தனிநபர் தொழிலாக நடத்திப் பாருங்கள். வரவு செலவு நோட்டும் வாங்குவோர் பட்டியலும் கையில் இருந்தால், அடுத்த ஆண்டு சரியான முடிவு எடுக்கலாம். கம்பெனியைப் பதிவு செய்வதை விட மூடுவதற்குத்தான் அலைச்சல் அதிகம்.

மதுரை மாவட்ட விவசாயிகள் ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம், அங்கேயே நபார்டு உதவியுடன் இயங்கும் வேளாண் வணிகத் தொழில் ஊக்குவிப்பு மையம், மாவட்ட வேளாண் வணிகத் துணை இயக்குநர் அலுவலகம் ஆகியவற்றை அணுகி ஆலோசனை பெறலாம். போகும்போது யார் எவ்வளவு பணம் போடுகிறார்கள், எவ்வளவு கடன் தேவை, ஆண்டுக்கு எவ்வளவு விற்க முடியும் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். அந்தத் தாளை வைத்துப் பேசினால் உங்களுக்கு ஏற்ற அமைப்பைச் சொல்வது எளிதாக இருக்கும்.